பனித்தரையில ஒரு பொங்கல் முற்றம்: அனிமல் கிராசிங்கில கோலம் போட்ட கதை

அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ் எண்டுறது ஒரு தீவில வீடு, தோட்டம் எல்லாம் அமைச்சு வாழுற நின்டெண்டோ சுவிட்ச் வீடியோ கேம். விளையாடுற ஆக்களுக்குத் தெரியும், அந்தத் தீவில ஒவ்வொரு மாசமும் ஏதோ ஒண்டு மாறிக்கொண்டே இருக்கும், ஆனா அதின்ர கலண்டரில தைப்பொங்கல் இல்ல. 2026 தைப்பொங்கலுக்கு நானே என்ர தீவில முத்தம், கோலம், அடுப்பு, கரும்பு எல்லாம் வச்சு ஒரு பொங்கல் செய்து பாத்தன், சரியான வடிவா வந்தது. எப்பிடிச் செய்தன் எண்டு முழுசா எழுதுறன், வேற ஆருக்கும் செய்யோணும் எண்டா உதவும், முக்கியமா கோலத்தின்ர கணக்கு.

முதல்ல இந்தக் கேமின்ர காலக்கணக்கைச் சொல்லோணும். இது உண்மையான மணிக்கூட்டோட ஓடுற கேம், இஞ்ச இரவு எண்டா அங்கயும் இரவு, இஞ்ச நவம்பர் எண்டா அங்கயும் நவம்பர். வட அரைக்கோளம் எண்டு எடுத்தா ஏப்ரல் 1ல இருந்து 10 வரைக்கும் செரிப்பூ, ஜூன் தொடக்கம் ஆகஸ்ட் முடியும்வரை கோடைச் சிப்பி, நவம்பர் முழுக்க காளான், நவம்பர் 16 தொடக்கம் 25 வரை சிவந்த மேப்பிள் இலை காத்தில பறக்கும், டிசம்பர் 11 விடிய எழும்பிப் பாத்தா தீவு முழுக்க வெள்ளை. அந்தப் பனி பெப்ரவரி 24 வரைக்கும் கிடக்கும். எங்களுக்கு கொழும்பில இருக்கிறது ரெண்டு மழையும் அதுக்கு நடுவில வெக்கையும் தான், மே மாசம் தென்மேல் மழை தொடங்கும், ஒக்டோபர் நவம்பரில பின்னேரத்தில இடியோட கொட்டும், மிச்ச நாளெல்லாம் ஃபேனுக்குக் கீழ. அதால தான் எனக்கு இந்தக் கேமின்ர பருவ மாற்றங்கள் இவ்வளவு பிடிக்குது. வெள்ளவத்தையில நாலாம் மாடி ஃப்ளாட்டில இருந்துகொண்டு இலை சிவக்கிறதையும் பனி கொட்டுறதையும் நாள் தவறாமப் பாக்கலாம் எண்டுறது சின்ன விஷயம் இல்ல.

கேம் வந்தது 2020 மார்ச் 20, இலங்கை முழுக்க ஊரடங்கு போட்டதும் அதே நாள் பின்னேரம் தான். என்ர கைக்கு சுவிட்ச் வந்தது அதுக்குப் பிறகு. தொடக்கத்தில வடக்கா தெற்கா எண்டு அரைக்கோளம் கேக்கும், பிறகு மாத்தேலாது, கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்க கிட்டத்தட்ட 7 பாகையில இருக்கு, அதால வடக்கு எண்டு குடுத்தன். தெற்கு எண்டு குடுத்திருந்தா தை மாசத்தில அங்க கோடைகாலம், பச்சைப் புல்லு, பொங்கலுக்கு அது தான் பொருத்தம் எண்டு சில பேர் நினைப்பினம். எனக்கு பனி தான் வேணும். மார்கழிக் குளிரில திருவெம்பாவைக்கு கோயில் மணி அடிக்கேக்க எழும்பின ஆக்களுக்கு, பனி விழுந்து கிடக்கிற முத்தத்தில பொங்கல் எண்டுறது அவ்வளவு அந்நியம் இல்ல எண்டு நான் நினைக்கிறன்.

இன்னொரு காரணமும் இருக்கு. டிசம்பர் 15 தொடக்கம் ஜனவரி 6 வரை சோடிச்ச மரங்களை ஆட்டினா பண்டிகை அலங்கார உருண்டைகள் விழும், 6ம் திகதிக்குப் பிறகு மரத்து லைட்டெல்லாம் போயிடும், அடுத்த பெரிய கொண்டாட்டம் பெப்ரவரியில வாற ஃபெஸ்டிவேல் எண்ட கார்னிவல் தான். நடுவில ஒரு சனிக்கிழமை மீன்பிடிப் போட்டி, அவ்வளவு தான். அதாவது பனி இருக்கும், ஆனா கொண்டாட்டம் ஒண்டும் இராது, அந்த வெறும் இடத்துக்குள்ள சரியா தைப்பொங்கல் வந்து இருக்குது. ஆரோ எங்களுக்காக விட்டு வச்ச மாதிரி.

கரும்பில இருந்து தொடங்கினன், ஏனெண்டா அது தான் நேரம் எடுக்கும். 2021 நவம்பரில வந்த 2.0 அப்டேட்டில தான் தோட்டமும் சமையலும் வந்தது, தக்காளி, கோதுமை, கரும்பு, உருளைக்கிழங்கு, கரட், அதுக்கு முதலே பூசணி இருந்தது. நெல் இல்ல. கோதுமை இருக்கு, கரும்பு இருக்கு, கரும்பில இருந்து சீனியும் பிறவுண் சுகரும் செய்யலாம், ஆனா அரிசி விளைவிக்கேலாது, இது எனக்கு இண்டைக்கும் ஒரு மனக்குறை தான். கரும்புக் கன்று லீஃப் எண்டுற தோட்டக்காரர் வரேக்க வாங்கலாம், ஒரே நாளில எல்லாப் பயிரும் அவரிட்ட இராது. தீவுக்கு வாறதைப் பாத்துக்கொண்டு இருக்க மனமில்லாட்டி ஹார்வ் எண்டுற இன்னொரு கேம் ஆளின்ர தீவில அவருக்கு நிரந்தரக் கடை போட்டுக் குடுக்கலாம், அதுக்கு 1,00,000 பெல்ஸ், அது தான் கேமின்ர காசு. ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்தினா ஒரு செடியில மூண்டு கரும்பு வரும், ஊத்தாட்டி ஒண்டு. பனிக்குள்ளயும் பயிர் வளரும், வாடாது. நான் மார்கழி நடுவிலயே முத்தத்துக்கு எண்டு ஒதுக்கின இடத்தின்ர ரெண்டு பக்கமும் வரிசையா நட்டுட்டன், பிறகு பிடுங்கி மாத்தி நடுற வேலை இல்ல, அங்கயே நிண்டு உயர்ந்து வரட்டும் எண்டு. பனிக்கு நடுவில பச்சையா கரும்பு நிக்கிறதை டிவியில பாத்திட்டு அம்மா "உதென்ன, கரும்புக்குக் குளிராதோ" எண்டு கேட்டவ.

இனிக் கோலம். மற்றதெல்லாம் ஒரு பின்னேர வேலை, கோலத்துக்குத் தான் யோசிக்க வேண்டி இருந்தது.

கேமில கஸ்டம் டிசைன் எண்டு ஒண்டு இருக்கு, 32க்கு 32 கட்டம், அதுக்குள்ள 15 நிறமும், கூட ஒரு நிறமில்லாத கட்டமும் பாவிக்கலாம். ஒரு டிசைன் நிலத்தில ஒரு சதுரத்தை மூடும். ஒரு சதுரத்துக்குள்ளயே முழுக் கோலத்தையும் அடக்கினா அது காலடியில ஒரு ஸ்டிக்கர் ஒட்டினது போலத் தான் தெரியும், ஆள் நிக்கிற அளவுக்குப் பக்கத்தில வச்சுப் பாத்தா கோலம் எண்டே சொல்லேலாது. குறைஞ்சது நாலு சதுரம், ரெண்டுக்கு ரெண்டு, அதாவது 64க்கு 64 கட்டம் வேணும். நாலு துண்டும் ஒட்டுற இடத்தில கோடு விலகக்கூடாது, புள்ளிக்குப் புள்ளி இடைவெளி மாறக்கூடாது. அது தான் சோதனை.

முதல்ல சதுரக் கொப்பியில தான் போட்டுப் பாத்தது. அம்மா கம்பிக்கோலம் நல்லாப் போடுவா, சிக்குக்கோலம் எண்டும் சொல்லுவினம், புள்ளியைச் சுத்திச் சுத்திக் கோடு வளைஞ்சு போய் தொடங்கின இடத்திலயே வந்து முடியும். புள்ளிக்கு 2க்கு 2 கட்டம், அடுத்த புள்ளிக்கு நடுவில 6 கட்டம் விட்டா, எட்டுக்கு ஒரு புள்ளி, 32க்குள்ள சரியா நாலு புள்ளி. 4-5, 12-13, 20-21, 28-29 ஆம் கட்டங்களில வைக்கோணும். அப்பிடி வச்சா முன்னுக்கு 3 கட்டம் பின்னுக்கு 3 கட்டம் மிஞ்சும், பக்கத்துச் சதுரத்தின்ர 3ம் சேர்ந்து திரும்ப 6 ஆகும், இடைவெளி மாறாமலே அடுத்த துண்டுக்குப் போகும். இதைக் கண்டுபிடிச்ச உடன எனக்குச் சரியான சந்தோஷம். ரெண்டுக்கு ரெண்டு வச்சா எட்டுக்கு எட்டுப் புள்ளி.

ஆனா அம்மா கொப்பியைப் பாத்திட்டு சொன்னவ, "எட்டுக்கு எட்டு வச்சா ஒரே கம்பியா வராது பிள்ளை, கன கம்பி வரும், பொங்கலுக்குப் போடுறது ஒரே கம்பியா இருந்தா நல்லம்". பென்சிலால கோட்டைப் பின்தொடர்ந்து பாத்தா உண்மை தான், எட்டுத் தனித்தனிக் கம்பி. இதுக்குப் பின்னால ஒரு கணக்கு இருக்கு, சதுரமோ நீள்சதுரமோ, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவில எல்லா இடத்திலயும் கோடு ஒண்டையொண்டு வெட்டிப் போற கோலம் எண்டா, ரெண்டு பக்கத்துப் புள்ளி எண்ணிக்கையின்ர பொதுக் காரணிகளில பெரியது எதுவோ அத்தனை கம்பி வரும். எட்டுக்கும் எட்டுக்கும் எட்டு. ஆறுக்கு எட்டு எண்டா ரெண்டு. ஏழுக்கு எட்டு எண்டா பொதுவா ஒண்டைத் தவிர வேற இல்ல, அதால ஒரே கம்பி. அம்மா இந்த கணக்கெல்லாம் பாக்கேல்ல, கை போற போக்கில "ஏழு வை" எண்டா, அது தான் விடை. அவ்வளவு காலமா வாசலில போட்டுப் போட்டு வந்த அறிவு அது, எனக்கு அதைப் பாக்கப் பெருமையா இருந்தது.

ஏழு எண்டா 64 கட்டத்துக்குள்ள நடுவில வரோணும். அகலப்பக்கம் இடத்துச் சதுரத்தில 8-9, 16-17, 24-25, நடுப்புள்ளி ரெண்டு சதுரமும் ஒட்டுற கோட்டில, இடப்பக்கம் 32ம் கட்டம் பாதி, வலப்பக்கம் 1ம் கட்டம் பாதி. பிறகு வலத்துச் சதுரத்திலயும் அதே 8-9, 16-17, 24-25. ரெண்டு ஓரத்திலயும் 7 கட்டம் மிஞ்சும். உயரப்பக்கம் முதல் சொன்ன கணக்கே, எட்டுப் புள்ளி. வலப்பக்கத்துத் துண்டு இடப்பக்கத்தின்ர கண்ணாடிப் படம், கீழ்த்துண்டு மேல்த்துண்டின்ர கண்ணாடிப் படம், அதால மேல் இடத்துத் துண்டை மட்டும் ஒழுங்காக் கீறினா மிச்ச மூண்டையும் கட்டம் எண்ணி எண்ணித் திருப்பிக் கீறலாம். கோட்டை ரெண்டு கட்டத் தடிப்பில போடுங்கோ. ஒரு கட்டத்தில போட்டா தூரத்தில நிண்டு பாக்கேக்க மங்கிப் போகும். சரிஞ்ச கோடு கொப்பியில படி படியாத் தெரிஞ்சாலும் பயப்படத் தேவையில்ல, கேம் தானே முனைகளை மழுப்பி வளைவாக் காட்டும், கம்பிக்கோலத்துக்கு இது பெரிய வசதி, மாக்கோடு கையால இழுத்தது மாதிரியே வருது.

அடுத்தது நிறம். பனித்தரையில வெள்ளைக் கோலம் போட்டா ஒண்டும் தெரியாது எண்டுறது கீறத் தொடங்க முதலே விளங்கின விஷயம். கன பேர் இப்பிடி இடத்தில கலர்ப்பொடிக் கோலம் மாதிரி சிவப்பும் நீலமுமா நிரப்புவினம், எனக்கு அது வேண்டாம், அரிசிமாக் கோலம் எண்டா வெள்ளையாத் தான் இருக்கோணும். ஊரில என்ன செய்யிறவை, முத்தத்தைக் கூட்டி சாணத்தால மெழுகி, அது காயக் காய அதுக்கு மேல தானே வெள்ளைக் கோலம். அதையே செய்தன். சாண நிறத்துக்கு மூண்டு நிறம் எடுத்தன், பச்சை கலந்த மண்ணிறம் ஒண்டு, அதை விடக் கொஞ்சம் வெளிறினது ஒண்டு, இருண்டது ஒண்டு. நிறத்தின்ர சாயல், அடர்த்தி, வெளிச்சம் மூண்டையும் தனித்தனியாக் கூட்டிக் குறைக்கலாம், அதால கடையில இல்லாத நிறமும் எடுக்கலாம். வெளிறினதையும் இருண்டதையும் அரைவட்ட அரைவட்டமா இழுத்துவிட்டா, மெழுகின கை போன தடம் தெரியும். மாவுக்கு பளிச்செண்ட வெள்ளை எடுக்காம கொஞ்சம் பால் நிறம் எடுத்தன், பனியின்ர நீல வெள்ளைக்குப் பக்கத்தில அது தனியா நிக்கும்.

மேலயும் கீழயும் கோலத்துக்கு இடம் மிஞ்சாததால, வெறும் சாணத்தரை டிசைன் ஒண்டு தனியாச் செய்து நாலு பக்கமும் ஒரு வரிசை வச்சன். அதின்ர வெளி விளிம்பு தான் எனக்குப் பிடிச்ச வேலை. விளிம்பை நேர்கோட்டில வெட்டாம, நிறமில்லாத கட்டத்தால ஒழுங்கில்லாமக் கடிச்சு விட்டன், அங்க ரெண்டு கட்டம், இங்க அஞ்சு கட்டம், அதால பனி உள்ளுக்க வந்து வந்து போகுது, ஆரோ விடிய எழும்பிப் பனியை ஒதுக்கி முத்தம் மெழுகின மாதிரி இருக்கு. தூரத்தில இருந்து பாக்கேக்க டைல் பதிச்சது எண்டே தெரியாது. இதுகளை நிலத்தில வைக்க கேமுக்குள்ள இருக்கிற போனில ஐலண்ட் டிசைனர் ஆப் இருந்தா சுகம், அது கே.கே. சிலைடர் எண்ட பாட்டுக்கார நாய் தீவில வந்து செய்யிற கச்சேரிக்குப் பிறகு தான் கிடைக்கும், இல்லாத ஆக்கள் அந்தப் போனில இருந்தே ஒவ்வொண்டா வைக்கலாம்.

அடுப்புக்கு காம்ப் ஃபயர், மூண்டு சுள்ளி இருந்தா காணும், மரத்தை ஆட்டினா விழும். பானைக்கு சிம்பிள் பனல் எண்ட சாமானில என்ர டிசைனை ஒட்டினன், அது நிமிர்ந்து நிக்கிற பலகை. அதில மண்பானை, கழுத்தில மஞ்சள் இலை, வாயால நுரை தள்ளுற நேரம், பின்னால சூரியன். நுரைக்கு கோலத்துக்கு எடுத்த அதே பால் நிறம். நெருப்புக்குப் பின்னால இந்தப் பலகையை வச்சா இரவில நெருப்பு வெளிச்சம் முன்னுக்கு ஆடும், நல்லா இருக்கு. கடற்கரைத் தென்னையில இருந்து தேங்காய் ஆட்டி எடுத்து பக்கத்தில ரெண்டு, பழங்கள் கொஞ்சம். மாவிலை கேமில இல்ல, அதையும் பலகையிலயே கீறினது தான்.

15ம் திகதி விடிய. இந்தக் கேமில நாள் மாறுறது விடிய 5 மணிக்கு, கொழும்பில தை நடுவில சூரியன் வாறது ஆறரைக்குக் கிட்ட, ரெண்டுக்கும் நடுவில நேரம் இருந்தது. மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளி முதல் நாளே எல்லாத்தையும் பாத்து முடிக்கிற ஆக்கள் இருக்கினம், அது அவையின்ர விருப்பம், எனக்கு நாள் வந்து தான் பாக்கோணும். பால்கனியில அம்மா காஸ் அடுப்பில பானை வைக்க, நான் ஹோலில சுவிட்சை டிவியில போட்டன். நோர்மா எண்டு ஒரு பசு என்ர தீவில இருக்கிறா, வெள்ளனவே எழும்புற ஆள், வீட்டால வந்து சாணத்தரையில நேர நடந்து வந்து கோலத்துக்கு நடுவில நிண்டு கரும்பைப் பாத்தா. எங்கட பால்கனியில பால் பொங்கி வழிஞ்சதும் கீழ் மாடியில ஆரோ வெடி கொளுத்தினதும் ஒரே நேரம், அம்மா "பொங்கீட்டுது" எண்டு கூப்பிட்டா, கொன்ட்ரோலரை வச்சிட்டு ஓடினன்.

அதே ஜனவரி 15 தான் 3.0 அப்டேட்டுக்கும் நின்டெண்டோ சொல்லியிருந்த திகதி, 2.0 தான் கடைசிப் பெரிய இலவச அப்டேட் எண்டு சொல்லி நாலு வருஷத்துக்கும் மேல ஆன பிறகு. பொங்கல் சாப்பிட்டிட்டு வந்து பாத்தா துறைமுகத்தில, கேமில படகு ஓட்டுற கப்டனின்ர குடும்பம் ஒரு ஹோட்டல் திறந்திருக்கு. எனக்கு அதை விடப் பெரிய விஷயம், ஒரே சாமானை ஒரே தடவையில கன எண்ணிக்கையில செய்யலாம் எண்டுறது, இதுக்கு முதல் ஒவ்வொண்டாச் செய்து கை உளையும். ரெசெட்டி எண்டுற கேம் ஆளைக் கூப்பிட்டா ஒரு பகுதியை முழுக்கத் துப்புரவாக்கியும் தருவார். ஆனா ஒண்டு சொல்லோணும், முத்தம் இருக்கிற பக்கத்தில அவரைக் கூப்பிடாதேங்கோ, வேற பக்கத்தில வச்சுக்கொள்ளுங்கோ, வச்ச சாமான் எல்லாத்தையும் எடுத்து ஒதுக்கினா திரும்ப அடுக்கிறது பெரிய வேலை.

அடுத்த நாள் பட்டிப்பொங்கல். டொரொண்டோவில இருக்கிற மச்சாள் ஒராள் டோடோ கோட் (மற்ற ஆளின்ர தீவுக்கு வாறதுக்கான குறியீடு) வாங்கிக்கொண்டு தீவுக்கு வந்தவ, ரெண்டு பேரும் ஒரே வேர்ஷனுக்கு அப்டேட் பண்ணி இருக்கோணும், இல்லாட்டி வரேலாது. எனக்கு 16ம் திகதி விடிய ஆறரை, அவவுக்கு இன்னும் 15ம் திகதி இரவு எட்டு மணி. வாற ஆளுக்கு என்ர தீவின்ர நேரம் தான் தெரியும், அதால இரவுச் சாப்பாடு முடிச்சு வந்தவ என்ர விடியலுக்குள்ள இறங்கினா. போனையும் போட்டுக் கதைச்சுக் கொண்டிருந்தம். "எங்கட வீட்டு வாசலும் உப்பிடித்தான் கிடக்கு மச்சாள், ஆனா கோலம் ஒண்டும் இல்ல, உள்ளுக்க எலெக்ட்ரிக் அடுப்பில தான் பொங்கினனாங்கள்" எண்டா. பிறகு கோலத்தைச் சுத்திச் சுத்தி நடந்து, கோட்டுக்கு மேல கால் வைக்காமப் போக வழி தேடினவ, கேமில அதுக்கு ஒரு தடையும் இல்ல, அவவாத் தான் ஒதுங்கி நடந்தவ. நோர்மாவுக்கு நான் பழம் பொதி பண்ணிக் குடுத்தன். மச்சாள் போகேக்க கோல டிசைனைக் கேட்டவ, கட்டக் கணக்கு எழுதின சதுரக் கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினன், தானே கீறப் போறாவாம்.

பனி பெப்ரவரி 24ஓட போயிடும், 25ம் திகதி புல்லு தெரியேக்க இந்தச் சாண நிறம் எடுபடாது எண்டு நினைக்கிறன், பச்சைக்குப் பக்கத்தில மண்ணிறம் இருண்டு போகும், அப்ப கொஞ்சம் சிவப்புக் கூட்டி செம்மண் மாதிரி மாத்திற யோசனை. செரிப்பூ ஏப்ரல் 10ஓட முடிய, எங்கட சித்திரை வருஷப்பிறப்பு 14ம் திகதி, மரமெல்லாம் திரும்பப் பச்சையாகி இருக்கும். அதுக்கு இந்த முறை அஞ்சுக்கு எட்டுப் புள்ளி வச்சுப் பாக்கப் போறன், அதுவும் ஒரே கம்பியாத் தான் வரும், அம்மா கொப்பியில ஏற்கனவே போட்டு வச்சிட்டா.